கடல் கடந்த வண்டூர்

வண்டூர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே, அது தஞ்சைப் பக்கத்து ஊரோ நெல்லைச் சீமை ஊரோ என்று எண்ணத் தோன்றும். வண்டும் ஊரும் நமக்கு நன்கு பழகிய சொற்கள். தேனுண்ணும் வண்டுகள் மொய்க்கும் சோலை சூழ்ந்தமையால் இப்பெயர் வந்தது என்று ஒருவர் பொருள் கூறினால், மறுப்பதற்கு நமக்கு மனம் வராது. ஆயினும் இன்று நாம் பேசப்போகும் வண்டூர் தமிழகத்தில் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறக்குறைய மூன்று நாள் கழித்துச் சேரும் அந்தமான் தீவுகளில், தென் அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதன் பெயரும் அந்த மண்ணில் பிறந்ததன்று. கைதிகளோடு கைதியாக அதுவும் கப்பலேறிச் சென்றது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இக்கதையில் ஓர் ஈடுபாடு இருக்கும் என்று நம்புகிறேன். பிறந்த ஊரின் பெயரை வீட்டு வாயிலிலோ, கடைப் பலகையிலோ, பிள்ளையின் பெயருக்கு முன்னெழுத்தாகவோ வைத்துக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்? விரும்பிப் புறப்பட்டவர்களின் வழக்கம் அது. விலங்கு பூண்டு புறப்பட்டவர்களும் அதனையே செய்தார்கள் என்பதற்கு வண்டூர் சான்று.

முதலில் ஊரின் இருப்பைச் சிறிது காண்போம். தீவுகளின் தலைநகரம் தென் அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 25 கிலோமீட்டர் பேருந்தில் சென்றால் தீவின் மறுகரை வந்துவிடும். அக்கரையில் இருப்பதே வண்டூர். தலைநகரத்தை அண்டி வாழும் புறவூர் என்று அதைச் சொல்லலாம். ஆனால் நம் நகரங்களின் புறவூர்களைப் போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊரென்று எண்ணிவிடக் கூடாது. தாழ்ந்த குன்றுகள், அவற்றின் மேல் என்றும் பசுமை மாறாக் காடு, குன்றுகளுக்கிடையே வயல், தென்னையும் பாக்கும் நிற்கும் தோட்டங்கள், அவற்றிடையே ஆங்காங்கே தகரக் கூரை வேய்ந்த வீடுகள் எனப் பரந்து கிடக்கும் சிற்றூர் அது.

அத்தீவில் பேராறு எதுவும் இல்லை. ஆற்றங்கரையில் ஊர் வளர்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றும். ஆற்றின் இடத்தில் அங்கே கழி இருக்கிறது. கடல்நீர் நாள்தோறும் இருமுறை உள்ளே ஏறி வடியும் அக்கழிகளின் இரு கரையிலும் பிச்சாவரத்தில் நாம் காணும் அலையாத்திக் காடுகள் அடர்ந்திருக்கின்றன. உவர்நீர் முதலைகளும் அவற்றில் உண்டு. ஆதலின் கரையின் அழகை நம்பிக் கண்ட இடத்தில் நீராட இறங்குவது தகாது என்று அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தரும் நாடு அது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. கரையிலிருந்து மேற்கும் தெற்கும் நோக்கினால் சிறுதீவுகள் கூட்டமாகத் தெரியும். தர்முக்ளி, அலெக்சாண்டிரா, ரெட் ஸ்கின், ஜாலி பாய் என்பன அவற்றுட் சில. தெற்கே பெரிதாகத் தெரிவது ரட்லண்டு தீவு.

இந்நிலத்துக்கு முதலில் உரியவர்கள் யார்? தென் அந்தமானின் கடற்கரையில் அக்கா பேயா என்னும் மொழி பேசிய தொல்குடியினர் வாழ்ந்தனர். ரட்லண்டு தீவின் உட்காட்டில் ஜாங்கில் என்னும் மற்றொரு குடியினர் இருந்தனர். வெளியார் கொண்டுவந்த நோய்களாலும் பகையாலும் இவ்விரு குடிகளும் 20-ஆம் நூற்றாண்டின் முதற் சில பத்தாண்டுகளுக்குள் அற்றுப்போயின. அவர்கள் இக்கரையை என்ன பெயரிட்டு அழைத்தார்களோ, அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. வண்டூர் என்னும் பெயர் ஏறிய இடம் ஆளில்லா வெற்றிடமாக இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அந்தமானில் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் அமைத்த வரலாறு பலரும் அறிந்ததே. 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தொடங்கிய முதற் குடியேற்றம் நோயால் நலிந்து 1796-இல் கைவிடப்பட்டது. 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சு 10-ஆம் நாள் 200 கைதிகளோடு வாக்கர் என்னும் அதிகாரி வந்திறங்கினார். அதுமுதல் 'தீவாந்தர சிட்சை' என்னும் சொல் நம் நாட்டு வீடுகளில் அச்சத்தோடு வழங்கலாயிற்று. தனியறைச் சிறை 1906-இல் கட்டி முடிந்தது. ஆனால் கைதிகள் எல்லாரும் சிறைச்சுவருக்குள் வாழ்ந்தனர் என்று எண்ணுவது பிழை. பெரும்பாலோர் காடு வெட்டினர், சாலை போட்டனர், சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர். பல ஆண்டுகள் நன்னடத்தையோடு கழித்தவருக்கு நிலம் கொடுத்துத் தம் உழைப்பில் தாமே பிழைத்துக்கொள்ள விடுவது அங்கே நடைமுறையாக இருந்தது.

இனி மலபாருக்கு வருவோம். அக்காலத்தில் மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. அதன் ஏறநாடு தாலுகாவில், நிலம்பூருக்கும் மஞ்சேரிக்கும் அண்மையில் உள்ள ஊர்தான் முதல் வண்டூர். இன்று அது கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1921 ஆகஸ்டில் ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கிளர்ச்சி மூண்டது. நிலவுடைமையாளரின் கெடுபிடியால் குத்தகை விவசாயிகள் நெடுநாள் பட்ட அல்லல், கிலாபத்து இயக்கத்தின் எழுச்சி, போலீசாரின் அடக்குமுறை ஆகிய மூன்றும் சேர்ந்து தீ மூட்டின. சில மாதங்கள் அப்பகுதியில் ஆங்கிலேய ஆட்சியே அற்றுப்போயிற்று. கிளர்ச்சியாளர் கையில் இந்துக் குடிமக்கள் பலர் உயிரையும் வீட்டையும் இழந்ததும் உண்மை. கிளர்ச்சியை ஒடுக்கிய படையின் கொடுமையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் வரலாறு கூறுபவர் ஆகார். கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர் 2,300-க்கும் மேல் என்பது அரசாங்கக் கணக்கு. சிறைப்பட்டோரும் சரணடைந்தோரும் பல்லாயிரவர்.

அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஒரு கொடுமை கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாட்டன்மார் சொல்லித் தெரிந்திருக்கும். திரூரில் ஏறக்குறைய நூறு கைதிகளைச் சரக்கு வண்டி ஒன்றில் அடைத்துப் பெல்லாரிக்கு அனுப்பினார்கள். காற்றுப் புகாத அவ்வண்டியைப் போத்தனூர் நிலையத்தில் திறந்து பார்த்தபோது பலர் மூச்சுத்திணறி இறந்து கிடந்தனர். பின்னர் மருத்துவமனையில் மாண்டோரையும் சேர்த்து இறந்தவர் தொகை 70. இன்று கேரளத்துக்கு ரயிலில் செல்வோர் பலர் அந்நிலையத்தைக் கடந்தே செல்கிறார்கள்.

கண்ணனூர், கோயம்புத்தூர், வேலூர், பெல்லாரிச் சிறைகள் நிரம்பி வழிந்தன. இங்கே ஒரு விந்தை நேர்ந்தது. அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் முறையையே ஒழித்துவிட வேண்டும் என்று இந்தியச் சிறைச்சாலைக் குழு அப்போதுதான் பரிந்துரை செய்திருந்தது. அரசாங்கமும் 1921-இல் அதற்கு இசைந்துவிட்டது. இசைந்த மறு ஆண்டே, சிறைகளில் இடமில்லை என்ற காரணத்தால் மாப்பிள்ளைக் கைதிகளுக்கு விலக்கு அளித்து, அவர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். இங்ஙனம் 1922 முதல் அந்தமான் சேர்ந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்.

அவர்களை அங்கே நிலைநிறுத்த அரசாங்கம் ஒரு திட்டம் வகுத்தது. கைதிகள் தம் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளலாம். கப்பற்செலவை அரசாங்கமே ஏற்கும். பயிரிட நிலமும் கிடைக்கும். கேட்பதற்குச் சலுகையாகத்தான் தோன்றியது. ஆனால் நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. குற்றம் செய்யாத பெண்களையும் குழந்தைகளையும் சலுகை என்ற பெயரால் தீவாந்தரம் அனுப்புகிறார்கள் என்று தலைவர்கள் சாடினார்கள். மலேரியாவும் காடும் நிறைந்த தீவு என்பதும், கைதிகள் இல்லாமற் போனால் காடுவெட்ட ஆளிராதே என்பதுதான் அரசாங்கத்தின் கவலை என்பதும் அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் ஏறநாட்டுக் கிராமத்தில் தனித்து நின்ற பெண்ணின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் தீவில், குத்தகை நிலம் பறிபோயிற்று, வீடு எரிந்து கிடக்கிறது. ஊரில் இருந்து பசித்திருப்பதா, பெயரைக் கேட்டாலே நடுங்கும் தீவுக்குப் பிள்ளைகளோடு செல்வதா? சிலர் போனார்கள், பலர் மறுத்தார்கள். போனவர்களின் பெயர்கள் நம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அந்தமானில் மாப்பிள்ளைச் சமூகம் என ஒன்று இன்றும் இருப்பதற்கு அப்பெண்களே காரணர் என்பது என் கருத்து. ஆண்கைதிகள் மட்டும் இருந்திருந்தால் தண்டனைக் காலம் முடிந்தவுடன் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார்கள். அடுப்பும் தொட்டிலும் வந்த பிறகுதான் ஊர் என்ற பேச்சு வந்தது.

1926-இல் கொள்கை மீண்டும் மாறியது. விரும்பி வரும் கைதிகளை மட்டும் அனுப்புவது, குடியேறுவோருக்கு நிலத்தில் உரிமை அளிப்பது என முடிவாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பர்மாவிலிருந்து கரேன் கிறிஸ்தவர்களும், ஐக்கிய மாகாணத்திலிருந்து 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்ட பாந்து மக்களும் அத்தீவுகளில் குடியேறினார்கள். அம்முத்திரையின் கொடுமை தமிழ்நாட்டிற்கும் தெரிந்ததே.

நிலம் பெற்ற மாப்பிள்ளைகள் காட்டைத் திருத்திக் குடியிருப்புகள் அமைத்தார்கள். அவற்றுக்குத் தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே இட்டார்கள். கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, மன்னார்காடு, நிலம்பூர், மலப்புறம், திரூர், வண்டூர் எனத் தீவின் படத்தில் ஒரு சிறு மலபாரே எழுந்தது. மலபாரிலும் மஞ்சேரிக்கு அருகே வண்டூர். தென் அந்தமானிலும் மஞ்சேரிக்கு அருகே வண்டூர். மக்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வந்ததைப்போலப் பெயர்களும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

இத்தகைய நிகழ்ச்சி உலகில் வேறெங்கும் இல்லையா என்று கேட்கலாம். பிரெஞ்சுக்காரர் 1871-ஆம் ஆண்டு அல்ஜீரியக் கிளர்ச்சியை ஒடுக்கியபின், கபீலியா நாட்டு முஸ்லிம்கள் பலரைப் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு அனுப்பினார்கள். பாரிசு நகரக் கம்யூன் எழுச்சியில் தோற்றவர்களும் அதே தீவுக்கு வந்தனர். கம்யூன்காரருக்கு 1880-இல் பொதுமன்னிப்புக் கிடைத்து அவர்கள் பிரான்சுக்குத் திரும்பினார்கள். அல்ஜீரியருக்கு அம்மன்னிப்பு அப்போது கிட்டவில்லை. பூரைல் என்னும் ஊருக்கருகில் அவர்கள் வழிவந்தோர் இன்றும் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களோடு மனைவியரை வரவிடவில்லை என்பதால், அவர்களின் தாய்மொழி விரைவில் மறைந்தது. அந்தமான் மாப்பிள்ளைகள் வீட்டில் மலையாளம் நிலைத்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நேயர்கள் தாமே உணர்வார்கள்.

உலகப்போர்க் காலத்தை விரைந்து கடப்போம். 1942 மார்ச்சு 23-இல் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி அங்கே வந்து மூவண்ணக் கொடி ஏற்றினார். ஆனால் தீவு மக்கள் அன்று பட்ட துன்பம் பெரிது. கப்பல் வரவு நின்று, அரிசி இல்லாமல், மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உண்டு காலம் தள்ளினர். தலைநகரிலிருந்து வண்டூருக்குப் போகும் சாலையில் ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ஒற்றர் என்ற பொய்க்குற்றம் சாட்டி 44 பேரை ஜப்பானியர் 1944 ஜனவரி 30-ஆம் நாள் அங்கே சுட்டுக் கொன்றனர். கடற்கரை காணச் செல்வோர் அங்கே வண்டியை நிறுத்துவது அரிது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் நன்று.

விடுதலைக்குப் பின் வந்த ஒரு நாளை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. 1956 நவம்பர் முதல் நாள், மலபார் சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிந்து புதிய கேரளத்தில் சேர்ந்தது. அதே நாளில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் மத்திய ஆட்சிப் பகுதி ஆயின. சென்னை மாகாணத்துக் கைதியாக வந்த ஒரு முதியவர், அன்று காலை கண்விழித்தபோது, தாம் விட்டுவந்த வண்டூரும் தாம் உண்டாக்கிய வண்டூரும் ஒருசேரப் புதிய ஆட்சிக்கு உட்பட்டிருக்கக் கண்டிருப்பார்.

அதற்கு முன்பே, 1949 முதல், கிழக்கு வங்காளத்து அகதிகள் தீவுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். சோட்டா நாகபுரியின் தொழிலாளர் காட்டு வேலைக்கு வந்தனர். தெலுங்கு மீனவர் கரையோரங்களில் தங்கினர். தமிழர் வணிகத்துக்கும் கட்டட வேலைக்கும் அரசுப் பணிக்கும் வந்தனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் சிலருக்கு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலை கிடைத்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தீவுகளின் மக்கள் 3,80,581. அவர்களுள் வங்காள மொழியினர் ஏறக்குறைய நூற்றுக்கு 28. தமிழர் நூற்றுக்கு 15. தலைநகரில் தமிழ்வழிப் பள்ளியும், பங்குனி உத்திரம் கொண்டாடும் முருகன் கோயிலும் உண்டு. எல்லாருக்கும் பொதுமொழி இந்துஸ்தானி. அது இலக்கணப் புத்தகத்து இந்தி அன்று. பால் பேதமும் ஒருமை பன்மையும் தளர்ந்து, ஒவ்வொருவர் தாய்மொழியின் ஓசையும் ஏறிய தீவு வழக்கு. ஆங்கில எழுத்தில் கண்டு நம்மவர் பலர் இவ்வூரை 'வாண்டூர்' என்று படிக்கிறார்கள். வண்டூர் என்பதே சரி.

1983-இல் ஊரின் பிழைப்பில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. எதிரேயுள்ள 15 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 281.5 சதுர கிலோமீட்டர் பரப்பு, மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. அதன் வாயில் வண்டூர்ப் படகுத்துறை. கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் சென்று பவளப் பாறைகளைக் காணலாம். பிளாஸ்டிக்குப் பொருள்களைத் தீவுக்கு எடுத்துச்செல்லத் தடை. படகுத்துறையிலேயே சோதித்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் பாக்கு நீரிணையில் ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு அக்கடலிலும் உண்டு. பூங்கா எல்லைக்குள் மீன்பிடித்தல் கூடாது. இதனால் படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் வருவாய் பெருகியது. வலை ஒன்றையே நம்பியவருக்குக் கடல் சுருங்கியது. காப்பது நன்றே, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்பதும் நன்றே. சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைக் காப்பகத்தார் தொடங்கிய ஆய்வு நிலையம் ஒன்றும் வட வண்டூரில் நடந்து வருகிறது. மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் மக்கள் காடும் கடலும் பற்றிய தம் அறிவை அங்கு வரும் ஆய்வாளருக்கு வழங்கி வந்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தில் செய்த அழிவை நாம் அறிவோம். வண்டூர்ப் பக்கத்தில் அது வேறு விதமாகவும் தாக்கியது. நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. வந்த அலை திரும்பிப் போயிற்று. ஆனால் தாழ்ந்த நிலம் மேலே வரவில்லை. சிப்பிகாட்டின் வயல்கள் நிலையான நீர்ப்பரப்பாயின. மஞ்சேரி, குப்தாபாரா, வண்டூர்ப் பகுதிகளின் தாழ்ந்த வயல்களிலும் உப்புநீர் ஏறியது. கைதியும் அகதியும் வெட்டித் திருத்தி, வரப்புக் கட்டி, தலைமுறையாக நெல் விளைத்த நிலம் அது. அலையாத்திச் செடி இன்று அங்கே தானே முளைக்கிறது. கடற்கரையில் நின்ற பெருமரங்கள் வேரில் உப்பேறிப் பட்டுப்போயின. அவற்றின் வெளுத்த கட்டைகளில் ஏறி நின்று பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தீவுகளின் பெயர்கள் இக்காலத்தில் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. 2018-இல் ராஸ் தீவு நேதாஜி பெயரையும், ஹாவ்லாக், நீல் தீவுகள் முறையே சுவராஜ், ஷாஹீது என்னும் பெயர்களையும் பெற்றன. தலைநகரின் புதுப்பெயர் வந்தபோது சோழர் கடற்படையின் நினைவும் பேசப்பட்டது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பர் வரலாற்றாசிரியர். தமிழர்க்கு அது பெருமையே. ஆனால் வண்டூருக்குச் சோழர் தொடர்பு தேடுவது வீண்வேலை. அதன் பெயரை எந்த அரசனும் எந்த அதிகாரியும் இடவில்லை.

ஸ்ரீ விஜயபுரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து வண்டூர்ப் பலகை மாட்டிய வண்டிகள் நாள்தோறும் புறப்படுகின்றன. காராச்சர்மா, சிப்பிகாட், ஹம்ப்ரிகஞ்ச் ஆகிய ஊர்கள் வழியே அவை செல்லும். நடத்துநரிடம் ஒருவர் வங்காள ஓசையிலும், ஒருவர் தெலுங்கு ஓசையிலும், ஒருவர் நம் மதுரை ஓசையிலும் வண்டூருக்குச் சீட்டுக் கேட்பதைக் கேட்கலாம்.